உறவில்லாத ஒருவரின் ரத்தம்

என் மகளுக்குக் கரு தங்கியது எந்த ஊசியால் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் என்னிடம் வருகிறார்கள். கொல்லிமலையின் அரியூர் நாட்டில் ஒரு கிளைத் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். மணியார்டர் வாங்கும் சாக்கில் வருவார்கள். மற்றவர்கள் போகும்வரை சுவரோரம் நின்றிருந்து, பிறகு மெல்லக் கேட்பார்கள். ஒவ்வொருத்தியிடமும் பாதியைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படிப் பாதி சொல்வது யாரை எங்கே குத்தும் என்பது சென்ற மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

என் ஒரே மகள் பூங்கொடி. அவள் கணவன் செல்வராசு என் சொந்தத் தம்பி. எங்கள் கொல்லிமலையில் தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது யாரும் திரும்பிப் பார்க்கிற காரியம் இல்லை. என் கணவர் இறந்தபின், வளர்த்த தம்பியும் பெற்ற மகளும் கண்ணெதிரே இருக்கட்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். அவர்கள் இருவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முடிவு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று முறை கரு கலைந்தது. முதல் முறை ஒன்பதாவது வாரம். எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார்கள், நானும் நம்பினேன். இரண்டாவது பத்தாவது வாரம். மூன்றாவது முறை ஸ்கேனில் இதயத்துடிப்பைக் காட்டினார்கள். கடுகளவு ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. பதினைந்து நாள் கழித்துப் போனபோது அது இல்லை.

அந்த மூன்றாவது முறைதான் அடிவாரம் தாண்டியுள்ள ஊரின் ஆஸ்பத்திரி ஒன்றில் அப்படியொரு பேச்சைக் கேட்டேன். பூங்கொடியைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். சீட்டு எழுதிய பெண், கணவன் மனைவி உறவா என்று கேட்டாள். தாய்மாமன் என்றேன். அவ்வளவுதான்.

"மாமனக் கட்டிக்கிட்டா எப்படிம்மா தங்கும்? பாத்தா படிச்ச பொம்பள மாதிரி இருக்கீங்க. நீங்களே இப்படிச் செஞ்சா, காட்டுல மேட்டுல கெடக்கறவங்களுக்கு ஆரு சொல்றது?"

வரிசையில் நின்ற இருபது பேரும் திரும்பினார்கள். செல்வராசு தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பூங்கொடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று என் மனதில் ஏறிய வெட்கம்தான் பின்னால் ஒரு பொய்யாக வெளியே வந்தது.

அடிவாரத்து ஊரில் மிளகு வாங்கும் கடை வைத்திருப்பவர் ஜபருல்லா பாய். செல்வராசு பல வருடமாக அவருக்குத்தான் மிளகு போடுகிறான். அவர் மனைவி மெகருன்னிசா நான்கு கருவை இழந்தவள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் வைத்தியம் பார்ப்பதாக அவள்தான் சொன்னாள். "ஏனுங்கக்கா, எனக்கு ஆவுதோ இல்லியோ, உங்க பொண்ணுக்கு வயசிருக்குது. கூட்டிட்டுப் போங்க" என்று விலாசத்தை ஒரு மிளகுச் சாக்கின் அட்டையில் எழுதிக் கொடுத்தாள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பியவள் நான். கணவன் மனைவி உறவுமுறை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'உறவு இல்லை' என்று எழுதினேன். தம்பியைத் தனியே அழைத்து, "இங்க என்ன அத்தைன்னுதான் கூப்புடோணும்" என்றேன்.

"உன்னையா? மூக்கு ஒழுகுனா முந்தானையில தொடச்சுவுட்ட உன்னப் போயி அத்தைங்கறதா?"

"புள்ள வேணும்னா கூப்புடு."

"சரிங்கத்தை" என்று கும்பிட்டான். பூங்கொடிக்கு நெடுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து, பொய் ஒன்றும் பெரிதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தக் காத்திருப்பு அறையில் யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் "எத்தன?" என்பார்கள். "மூணு." "எனக்கு அஞ்சுங்க." அதற்குமேல் பேச்சு வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில் கைமாறும், முறுக்குப் பொட்டலம் கைமாறும். ஐந்து என்று சொன்ன பெண், மூன்று சொன்னவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருவாள். ஏனோ தெரியாது, அப்படித்தான் நடக்கும்.

சோதனைகள் இரண்டு மாதம் நடந்தன. தைராய்டு, சர்க்கரை, பிறகு ரத்தம் தேவையில்லாமல் உறைகிறதா என்று ஒரு சோதனை. கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று. அது வலிக்கும், முன்பே சொல்லிவிடுவது நல்லது. கடைசியாகக் குரோமோசோம் சோதனை. தாய் தகப்பனின் குணங்களைப் பிள்ளைக்குக் கடத்துகிற நூல் போன்றவை அவை. இருவர் ரத்தத்திலிருந்தும் எடுத்துப் பெரிதாக்கிப் படம் பிடிக்கிறார்கள். அதன் முடிவு வர ஒரு மாதம் ஆயிற்று. எல்லாமே சரியாக இருந்தன.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். "இதுக்குக் காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவுன்னு பேரு. காரணமே இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. எங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்றார்.

பிறகு அந்த ஊசியைப் பற்றிச் சொன்னார். பிள்ளையில் பாதி தகப்பனுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியம். அந்நியமானதை உடம்பு விரட்டும். ஆனால் கர்ப்பத்தில் மட்டும், இது அந்நியம் என்று அடையாளம் கண்டுகொண்டு, விரட்டாமல் ஒரு காப்பைச் சுற்றிப் போடுகிறது. சிலருக்கு அந்த அடையாளம் தெரியாததால் காப்பு உண்டாவதில்லை என்று சில மருத்துவர்கள் நினைக்கிறார்கள். அதனால் கணவனின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவியின் முன்கைத் தோலில் ஊசியாகப் போட்டு, உடம்புக்கு முன்கூட்டியே பழக்குவது.

"எல்லா டாக்டரும் இத ஒத்துக்கறதில்ல. நிரூபணம் ஆன வைத்தியம்னு நான் சொல்ல மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பூங்கொடி யோசிக்கவில்லை. "போடுங்க டாக்டர்" என்றாள்.

காலையில் செல்வராசுவிடம் ரத்தம் எடுப்பார்கள். அதிலிருந்து அணுக்களைப் பிரித்துக் கழுவி எடுக்கப் பிற்பகல் ஆகிவிடும். ரத்தம் கெட்டியாக இருக்க வேண்டும் என்று அவனே முடிவு செய்துகொண்டு, முந்தின நாளே மலைத்தேன் கலந்த கேழ்வரகுக் கூழை ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுவந்து குடித்தான். தண்ணி ரத்தம் கொடுத்து டாக்டரம்மாவை ஏமாற்றக் கூடாதாம். பூங்கொடியின் கையில் நான்கு இடத்தில் ஊசி போட்டார்கள். துவரம்பருப்பு அளவுக்குத் தடித்து, சிவந்து, அரித்தது. திரும்பும்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் செல்வராசு தன் தோளை அவளுக்கு அணைகொடுத்து, அந்தக் கை எதன்மேலும் உரசாமல் தன் உள்ளங்கையில் ஏந்தியபடியே வந்தான்.

நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அதன்பின் காப்பு உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தச் சோதனை. உண்டாகவில்லை.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க கணவரோட அணுவ உங்க உடம்பு வேத்து ஆளுதாவே நினைக்கல. ரொம்ப ஒத்துப்போன மாதிரி இருக்கு. ஏன்னுதான் புரியல" என்றார்.

எனக்குப் புரிந்தது. எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் நின்ற செல்வராசு பதற்றத்தில் எல்லாம் மறந்து, "அக்கா, என்னக்கா சொன்னாங்க?" என்று ஓடிவந்தான்.

மேசையில் இருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "ஏம்ப்பா, மாமியாரையா அக்கான்னு கூப்பிடுற?"

"எங்க மலையில அப்படித்தாங்க கூப்புடுவாங்க" என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட எளிதாக வந்தது.

என் பின்னால் வந்த பூங்கொடி சட்டென்று நின்றாள். "அம்மா, உள்ள போயி நீ சொல்றியா, நாஞ் சொல்லட்டா?"

"கண்ணு, எல்லார் முன்னாலயும் திட்டுவாங்க சாமி."

"திட்டட்டும். குத்து வாங்கறது எங் கை."

உள்ளே போய் நானே சொன்னேன். என் தம்பி, என் மகள், என் முடிவு, என் கையெழுத்து. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"மாமனக் கட்டினதுக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லம்மா. கட்டிக்கிட்டு நல்லா புள்ள பெத்தவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. ஆனா இந்த ரெண்டு ஊசியும் நான் உங்க பொய்க்குப் போட்டது."

அந்தச் சொல்லுக்கு நான் அழுதிருக்கலாம். அழவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று அந்த நாற்காலியிலேயே தீர்மானித்துக்கொண்டேன். அவர் புதிதாகச் சில சோதனைகள் எழுதினார். சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வரக்கூடிய பரம்பரை நோய்களுக்கானவை. அவற்றில் ஒன்றும் இல்லை. அதன்பின் சொன்னார்: இனி இதைத் தொடர்வதானால் உறவில்லாத ஒருவரின் அணுக்கள் வேண்டும். ஆணோ பெண்ணோ, ஆரோக்கியமான யாராவது ஒருவர்.

உறவில்லாத ஒருவர்! தபால் நிலையத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடு நினைத்துப் பார்த்தேன். கடிதம் வருகிற அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். ஒரு வீடு பங்காளி, அடுத்தது மாமன், அதற்கடுத்தது மச்சான். குண்டூர் நாட்டில் தேடினால் என் கணவர் வழியில் சுற்றிக்கொண்டு வந்தது. மிஞ்சியவர் வெளியூரிலிருந்து வந்த ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "எங்கூட்டுல ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதைவிடப் பெரிய கதவு செல்வராசு. "ஊரான் ரத்தத்த ஏத்தி வாரது எம் புள்ளையா?" என்றான். அந்த அணுக்கள் சில நாளில் அழிந்துவிடும், உடம்புக்குப் பழக்கம் மட்டுமே மிஞ்சும், பிள்ளைக்கு உங்கள் இருவருடையதன்றி வேறு யாருடையதும் போகாது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியிருந்தார். அவன் இரண்டு வாரம் பேசவில்லை. பூங்கொடியும் கெஞ்சவில்லை. ஒருநாள் மிளகு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, "வாரியாக்கா, பாய் கடைக்கு" என்றான். போனோம்.

ஜபருல்லா பாய் தராசில் மூட்டையை வைத்தார். வழக்கம்போலக் கையை உள்ளே விட்டு, "ஈரம் இருக்குதப்பா, ரெண்டு கிலோ கழிச்சுக்கறேன்" என்றார்.

"கழிச்சுக்கங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு குடுங்க" என்றான் செல்வராசு.

"என்ன?"

"ரத்தம்."

பாய் விழித்தார். செல்வராசு தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் தானே சொன்னான். பாய் தம் மனைவிக்காக அதே ஆஸ்பத்திரியில் மூன்று தடவை ரத்தம் கொடுத்தவர். மஞ்சள்காமாலை, எய்ட்ஸ் சோதனையெல்லாம் எடுத்திருந்தவர். ஊசியைப் பற்றி விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இவ்வளவுதானா? நாங்கூட மிளகு வெலைய ஏத்தச் சொல்றியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

"மிளகுலதான் இத்தன வருசம் கழிச்சீங்க பாய். ரத்தத்துலயாச்சும் சரியான எடை போடுங்க."

கடையே சிரித்தது. மெகருன்னிசா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று ஊசிக்குப் பிறகும் அவளுக்கு ஐந்தாவது கரு கலைந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மெல்லிய பழைய மல்துணி இருந்தது. "கை அரிக்குமுங்க. சொறியச் சொல்லாதீங்க. இத நனைச்சுப் போடச் சொல்லுங்க. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். களைத்திருக்கிறாள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

பாயின் அணுக்களைப் போட்டபோது பூங்கொடியின் கையில் ஊசி பட்ட இடங்கள் இலந்தைப்பழம்போல வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலும் வந்தது. இரண்டாவது ஊசிக்குப்பின் சோதனையில் காப்பு உண்டாகியிருப்பதாக வந்தது. மூன்று மாதம் கழித்து நாள் தள்ளிப்போனது.

மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரி அருகிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம். வாடகைக்கும் ஸ்கேனுக்குமாக அந்த வருட மிளகும் என் இரண்டு வளையலும் போயின. அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. ஒன்பதாவது வாரம், பத்தாவது வாரம், பதினொன்றாவது வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு வாசல்படி மாதிரி இருந்தது. பூங்கொடி குளியலறைக்குப் போய்த் திரும்பும்வரை நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டோம். அவள் கதவைத் திறந்ததும் "ஒண்ணுமில்ல" என்பாள். ஒரு நாளில் அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டோமோ! சில நாள் அவளே எரிச்சலாகி, "ரெண்டு பேரும் மூஞ்சியத் தொடைங்க. இந்தப் புள்ள நிக்கும். நிக்கலீனா அடுத்தது நிக்கும். நா வுடப் போறதில்ல" என்பாள். எங்கள் மூவரில் தைரியம் அவளுடையதாக இருந்தது.

பன்னிரண்டாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இருந்தது. கையைக்கூட அசைத்தது. எட்டாம் மாதக் கடைசியில் ரத்த அழுத்தம் ஏறியதால் அறுவை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ. பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, பிறகு எங்களோடு மலையேறினாள். பெயர் தேன்மொழி.

அதன்பின் ஜபருல்லா பாய் கடையில் ஒரு வேடிக்கை நிலைத்துவிட்டது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனால், "வாம்மா, எம் மருந்துல மொளைச்சவளே" என்பார். செல்வராசு, "பாய் சரக்கு சுத்தம், எங்கூட்டுல வேல செஞ்சிருச்சே" என்று மிளகு கொண்டுவந்தவர்களிடமெல்லாம் சொல்லுவான். நானும் சிரிப்பேன். மெகருன்னிசா டீ கொடுப்பாள்.

சென்ற மாதம் குண்டூர் நாட்டிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். தேன்மொழிக்கு இப்போது நான்கு வயது. அந்த ஊசியை இவளுக்கும் போடுங்கள் என்று கேட்டேன்.

"அத நிறுத்திட்டோம்மா" என்றார்.

"ஏனுங்க?"

"போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் வித்தியாசம் இல்லைன்னு இப்ப தெரியுது. ரத்தம் சம்பந்தப்பட்டதால ஆபத்தும் இருக்கு."

"அப்ப எங்க பேத்தி?"

"காரணம் தெரியாம மூணு போனவங்கள்ல பல பேருக்கு அடுத்தது தானாவே தங்கிடுது. உங்க பொண்ணுக்கும் அப்படித் தங்கியிருக்கலாம். ஊசியாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லவே இல்லைன்னும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இன்னிக்கு யாருக்கும் போட மாட்டேன்."

கூட வந்த பெண்ணுக்கு வேண்டிய மற்றச் சோதனைகளை எழுதிக் கொடுத்து, கரு உண்டான முதல் வாரத்திலேயே வரச் சொன்னார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதும் தைரியம் சொல்வதுமே பெரிய உதவி என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். அந்தக் கை வீக்கம், காய்ச்சல், தம்பி இரண்டு வாரம் பேசாமல் இருந்தது, எல்லாம் எதற்கு என்று ஓடிக்கொண்டே இருந்தது. பாயிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்க வேண்டும், சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை எனக்குத் தெரியும். படிவத்தில் 'உறவு இல்லை' என்று எழுதியதும் அதுதான். அடிவாரம் வந்ததும் அந்தப் பெண்ணை மலை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு, பஸ் கிளம்ப நேரம் இருந்ததால், நிறுத்தத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற பாய் கடைக்கு நடந்தேன்.

பாய் வெளியே போயிருந்தார். மெகருன்னிசா மட்டும் முறத்தில் மிளகைப் பரப்பிக் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வரும்வரை வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கத் தோன்றவில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவள் கை நின்றது. "டாக்டரம்மாவேங்களா சொன்னாங்க?"

"அவங்களேதான்."

"இன்னொருக்காச் சொல்லுங்கக்கா."

மறுபடியும் சொன்னேன். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அவள் முறத்தைத் தரையில் வைத்தாள். "அதே மனுசரு ரத்தம். எனக்கு மூணு தடவ போட்டும் தங்கல. உங்க புள்ளைக்குப் போட்டாங்க, தங்கிருச்சு. அவரு சரியாத்தான் இருக்காரு, மருந்தும் சரியாத்தான் இருக்குது, எம் வவுறுதான் ஆகாத வவுறுன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. அவரும் உங்க தம்பியும் அந்தப் பேச்ச எடுத்துச் சிரிக்கறப்பல்லாம் டீ வெக்கறேன்னு உள்ள போயிருவேன்."

அந்தக் கடையில் நான் எத்தனை டீ குடித்திருக்கிறேன் என்று எண்ணவே கூசியது.

"அப்ப எம்மேல குத்தமில்லீங்களா?"

"இல்ல கண்ணு. ஒரு குத்தமுமில்ல."

அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு கடை வாசலில் கிடந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. அவரு வந்துருவாரு. இப்பச் சொன்னத அவருகிட்டயும் சொல்லிட்டுத்தான் நீங்க போகோணும். எம் முன்னால சொல்லோணும்."

நிறுத்தத்தில் மலைக்குப் போகிற கடைசி பஸ் ஹார்ன் அடித்தது. ஜன்னல் வழியாக அந்தக் குண்டூர்ப் பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் வரவில்லை, நீ போ என்று அவளுக்குச் சைகை காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.